பதிவேடு, புச்சேஜி மலையடிவாரம்

பனிச்சறுக்குக் கட்டைகள், போனவை நாற்பது ஜோடி.
வந்தவை முப்பத்தொன்பது ஜோடியும் ஒன்றும்.
அந்த ஒன்றுக்குப்
படிவத்தில் கட்டமில்லை.

கிடங்கில் ஈரத் தோல்கள் தொங்குகின்றன,
ஏறும்போது கட்டையின் அடியில் ஒட்டி
இறங்குமுன் உரித்துவிடுபவை.
பிசின் வாடை, நனைந்த நாய் வாடை.
சார்ஜென்ட் ஸ்மராண்டா
காரபினர்களைத் திறந்து திறந்து விடுகிறாள்:
டிக். டிக்.
டிக் என்னாதது தனிக் கூடைக்கு.

எதிரே விளாய்க்கு,
இடது காலில் மாவுக்கட்டு.
'காரணம்?'
'சரிந்தது.'
'நீயா, பனியா?'
'முதலில் பனி.'

கயிற்றுக்கும் பதிவேட்டில் ஒரு பக்கம் உண்டு:
நெய்த மாதம், நீளம், தாங்கிய விழுகைகள்.
பெரிதாக ஒன்று தாங்கிவிட்டால்
மறுபடி மலைக்குப் போகக் கூடாது.
வெளியே ஒரு நூல் பிசிறவில்லை;
உள்ளே என்ன ஆயிற்றென்று கயிறு சொல்லாது.
யாரும் ஆசைப்பட்டு இடுப்பில் கட்டிக்கொள்ளாதபடி
மீட்டர் மீட்டராக வெட்டுகிறாள்.
முப்பத்தோராவது வெட்டில்
அவன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

ஒரு துண்டு கேட்பானென்று நினைத்தாள்.
அவனோ சட்டைக்குள்ளிருந்து
தொலைந்த கட்டையின் தோலை எடுத்து வைக்கிறான்,
உடம்புச் சூட்டில் காய்ந்திருந்தது.
'வாசலில் ஒரே கண்ணாடிப் பனி' என்கிறான்,
'ஊன்றுகோல் நிற்கமாட்டேனென்கிறது.'

விதியில் இல்லாத ஒரு சாண் நறுக்கி
கோலின் நுனியில் ஒட்டி,
பழக்கதோஷம், இருமுறை இழுத்துப் பார்க்கிறாள்.

பிறகு படிவத்தின் ஓரத்தில்:
இடது கட்டை, மே மாதம் ஓடையோடு வரும்.
தோல், பயன்பாட்டில்.