அறுபது ஷோர்

லாரி ஒன்றுதான்.
கண்ணாடியில் இரண்டாகத் தெரிந்தது.
லிக்செலே பாலத்துச் சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம்
எனக்குப் பின்னால் வருகிறவர்கள் அத்தனை பேரும் இரட்டையர்.

இரண்டு பேர் மட்டும் உட்காரும் மஸ்டா.
வயிற்றில் அதற்குச் சொந்தமில்லாத ஒன்று:
மான் மோதி நசுங்கிய வால்வோவிலிருந்து
நான் உருவியெடுத்த ஐந்து சிலிண்டர்.
நான்கென்றால் ஜோடி ஜோடியாய்ச் சமாளிக்கும்,
ஆறென்றால் தங்களுக்குள் சமாதானமாகிவிடும்.
ஐந்து அப்படியில்லை.
முன்முனை எழ, பின்முனை அமிழ,
நிமிஷத்துக்கு எண்ணூறு முறை ஒரு சீசாப் பலகை.

அதைத்தான் அலுமினியக் கட்டைகளில் இறுக்கினேன், போன வசந்தத்தில்.
நானே கடைந்தவை. ரப்பர் கோழைகளுக்கு என்றேன்.
பெர்னில்லா பதில் சொல்லவில்லை,
பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்து இருக்கையில் வந்தாள்.
கடிக்காவிட்டால் பல் தந்தியடிக்கும்.
சோதனைக்கூடத்து ஆள் படிவத்தில்
‘அதிர்வு உண்டு’ என்று எழுதி,
கொஞ்சம் யோசித்து ‘மிகவும்’ சேர்த்தான்.

முதலில் நம்பர் பிளேட் விளக்கு செத்தது.
பிறகு டாஷ்போர்டின் திருகுகள் ஒவ்வொன்றாய்
மடியில் வந்து விழுந்தன.
பிறகு என் விரல்கள்.

பதினெட்டு வருஷம் புதர் வெட்டும் ரம்பம் பிடித்தவை அவை,
கார் மேல் மட்டும் பழி போட முடியாது.
குளிரில் மோதிரவிரல்தான் முதலில் வெளுக்கும்,
மெழுகுவர்த்தி நிறத்துக்கு.
உமேயோ ஆஸ்பத்திரியில் விரல்நுனிக்கடியில் ஒரு முள் துடிக்க,
‘தெரிந்ததும் சொல்லுங்கள்’ என்றார் டாக்டர்.
காத்திருந்தேன்.
‘முடிந்துவிட்டது’ என்றார்.

அதிர்வது எதையும் இனித் தொடாதே என்று எழுதிக் கொடுத்தார்கள்.
ரம்பத்தை ஒப்படைத்தேன்.
சுழல்நாற்காலி கொடுத்தார்கள்,
வான்படத்தில் மரம் எண்ணும் வேலை.
காரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மார்ச். வெளியே மைனஸ் பத்தொன்பது.
எண்ணெய்த் தொட்டிக்கடியில் பலகை, பலகைக்கடியில் ஜாக்கி.
எஞ்சின் ஒரு விரற்கடை எழுந்தது.
ஹைட்ராலிக் கடையிலிருந்து பெர்னில்லா கொண்டுவந்திருந்தாள்,
பனி ஹாக்கி வட்டைப் போல இரண்டு ரப்பர்.
அறுபது ஷோர்:
அழிரப்பரைவிடக் கெட்டி, செருப்புக் குதிகாலைவிட இளக்கம்.
கியர்பெட்டிக்கு மட்டும் எண்பது,
அங்கேயும் கொஞ்சினால் கியர்க்கம்பு நம் பேச்சைக் கேட்காது.

போல்ட் துளைக்கு மூன்று மில்லிமீட்டர் தள்ளி நின்றது.
அவள் எஞ்சினைத் தோளால் முட்டினாள்.
நான் கெட்ட வார்த்தை சொன்னேன்.
இறங்கியது.

சாவியைத் திருப்பினால் டங்.
புகைக்குழாய் ஸ்டியரிங் தண்டில் இடிக்கிறது.
இத்தனை நாள் அசையாமல் இருந்ததால்
அதற்கு இடமே விட்டிருக்கவில்லை நான்.
‘மெத்தென்று வைத்தா ஆடும் தூவா,
ஆடறதுக்கு இடம் விடணும்’ என்றாள்,
இரண்டு முறை விவாகரத்தானவள்,
எஞ்சினைப் பற்றித்தான் சொன்னாள்.

குழாயை அறுத்து, இரண்டு விரல் தள்ளி ஒட்டவைத்தோம்.
வெல்டிங் அவளுடையது.
என் கை கம்பியைப் பிடித்திருக்கிறது என்பதை
அவ்வப்போது கண்ணால் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.
கழற்றிய அலுமினியக் கட்டைகள் அலுவலகத்துக்குப் போகும்,
காகிதம் பறக்காமலிருக்க.

இப்போது ஓடுகிறது, எண்ணூறில்.
ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறேன். எதுவும் தெரியவில்லை.
நின்றுபோனது நடுக்கமா, என் விரலா?
பெர்னில்லா காப்பிக் கோப்பையை டாஷ்போர்டில் வைக்கிறாள்.
வட்டங்கள் இல்லை,
ஓரத்தில் மட்டும் மயிரிழை சிலிர்ப்பு.
எனக்குப் போதவில்லை.
தொப்பியைக் கழற்றிக் குனிந்து
நெற்றியை ஸ்டியரிங்கில் வைக்கிறேன்.

இருக்கிறது. எங்கோ தூரத்தில்,
மூன்றாவது வீட்டில் யாரோ வாஷிங் மெஷின் போட்ட மாதிரி.

‘போச்சா?’ என்கிறாள்.
தலையை எடுக்காமல்
‘கொஞ்சம் இரு’ என்கிறேன்.