அதிகஷ்டப் பிரதேசம்

கடிதத்தில் அப்படித்தான் இருந்தது.
கஷ்டம் அல்ல, அதிகஷ்டம்.
மூன்று வருடம். கணிதம். தரம் ஆறிலிருந்து பதினொன்று.
கையெழுத்தின் கீழே வலயக் கல்வி அலுவலகத்தின்
ஊதா முத்திரை, பாதி மை பிடிக்காமல்.

களுவாஞ்சிகுடியில் பஸ் ஏறி
கிரானில் இறங்கி
அங்கிருந்து உழவு இயந்திரப் பெட்டியில்
யூரியா மூட்டைகளோடு நானும் ஒரு மூட்டை.
குடும்பிமலை முதலில் விரலளவு.
பிறகு முழங்கை.
பிறகு அதன் உச்சி பார்க்கக்
கழுத்தை முறிக்கவேண்டி இருந்தது.

சந்தியில் மூன்று கடை.
ஒன்று எப்போதும் பூட்டு.
ஒன்றில் பாண் ஒன்பதுக்கு வரும், பத்துக்கு முடியும்.
மற்றதில் சவர்க்காரம், ரீலோட், யானைவெடி,
மூன்றும் ஒரே தட்டில்.

"ஆறு மணிக்குப் பிறகு வெளிக்கிடாதீங்க மிஸ்,
பெரியவர் வருவார்" என்றார் பாண் கடைக் குலசேகரம்.
சங்கத் தலைவராக்கும் என்றிருந்தேன்.
விடிய எழும்பிப் பார்த்தால்
குவாட்டர்ஸ் வேலிக்கு இந்தப் பக்கம்
தாச்சி அகலத்தில் ஒரு காலடி.
அதில் தண்ணீர் ஊறி,
ஒரு தவளை.

முதல் கிழமை நித்திரை இல்லை.
முப்பத்தொரு வருடம்
வீட்டுக்குக் கிழக்கே ஒன்று இரைந்துகொண்டிருந்ததை
அது நின்ற பிறகுதான்
கேட்டேன்.

சிக்னல் ஓரிடத்தில்தான்.
பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு கல்.
அதன் முதுகில் வடக்குப் பார்த்து நின்றால் இரண்டு கோடு.
மாலை நாலரைக்கு ஊர் முழுக்க அங்கே,
தோளோடு தோள் இடித்து,
தனித்தனியாகக் கத்திக்கொண்டு.
கட்டாருக்கு ஒருத்தி.
செங்கலடி அடகுக்கடைக்கு ஒருவர்.
மாட்டு டொக்டரிடம் மன்றாடும் ஒருவர்.
கேட்கக்கூடாது என்றுதான் இருந்தேன்.
ஒரு மாதத்தில்
யாருடைய காப்பு மூழ்கப்போகிறது,
யாருடைய மகன் காசு அனுப்புவதில்லை,
எந்தப் பசு இரண்டாம் முறையும் சினை நிற்கவில்லை,
எல்லாம் எனக்கு மனப்பாடம்.
பிள்ளைகளுக்கு ஏழாம் வாய்ப்பாடுதான் இன்னும் மனப்பாடமில்லை.

மாரி தொடங்கிய அன்று
நானும் கத்தினேன்.
லைன் விட்டு விட்டு வந்ததால் ஒன்றையே மூன்று தரம்:
"இது மனிசர் இருக்கிற இடமில்ல, விளங்குதா?
மனிசர் இருக்கிற இடமில்ல!
ஆரையும் பிடிச்சு மாற்றம் எடுங்க!"
"ஆ? மனிசர் என்ன?" என்றார் உதயரூபன்
களுவாஞ்சிகுடியில், மின்விசிறிக்குக் கீழே.
மூன்றாம் தரம் சொல்லும்போது
கல்லில் வேறு யாருடைய குரலும் இல்லை.
தூறலுக்கு ஒதுங்கிவிட்டார்கள் என்று நினைத்தேன்.
திரும்பினேன்.
எல்லோரும் நின்றார்கள்.

மறுநாள் குலசேகரம் பாண் தந்தார்.
மிச்சக் காசைக் கையில் தராமல் மேசையில் வைத்தார்.
தரம் எட்டில் யோகப்பிரியா எழும்பி,
"மிஸ், அதிகஷ்டம் எண்டா
அது எங்களுக்கா, உங்களுக்கா?"
வகுப்பு சிரிக்கவில்லை.
உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.
கரும்பலகைப் பக்கம் திரும்பி
அழித்த இடத்தையே திரும்ப அழித்தேன்.

பிறகு கிரான் பாலத்துக்கு மேலால் வெள்ளம்.
பதினொரு நாள்.
பாண் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை,
முத்திரை குத்திய யாரும் வரவில்லை.
நாலாம் நாள் கதவடியில்
மண் கழுவாத மரவள்ளிக்கிழங்கு,
சோடாப் போத்தலில் எருமைப் பால்,
வாய்க்கு வாழையிலை அடைப்பு.
யார் வைத்தது என்று இன்றுவரை தெரியாது.
என்னோடு பேசாத ஒருவர்தான்.
அப்படிச் சொன்னால்
ஊரில் யாரும் ஆகலாம்.

வெள்ளம் வடிந்தபின் கல்லுக்குப் போனேன்.
தள்ளி நின்று இடம் விட்டார்கள்.
உதயரூபன் உற்சாகமாக இருந்தார்:
மாகாணத்தில் ஒரு ஆளைப் பிடித்தாராம்,
தை மாதமே மாற்றமாம், நான் ஓம் என்றால் போதுமாம்.
"கேக்கல்ல" என்றேன்.
"தை மாதம்!" என்றார், தெளிவாக,
பக்கத்துக் குவாட்டர்ஸிலிருந்து பேசுவதுபோல.
"கேக்கல்லங்க. பிறகு எடுக்கிறன்."

இரண்டு கோடு இருந்தது. மூன்று கூட.
என் பக்கத்தில் குலசேகரம்
தன் போனைக் காதிலிருந்து எடுத்து
முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.
"எனக்கும் கேக்கல்லதான் மிஸ்" என்றார்.