வற் அக்கா

ஸ்ரான்லி வீதிக் கடையில்
உடுப்புத் தோய்க்கிற மெஷின் வாங்கின அன்று
டிலக்சன் ரசீதைக் கிழித்து
கண்ணாடி மேசையில் விரித்தான்.
'உதைப் பாருங்கோ அக்கா.'
பேனை முனை இரண்டு வரிகளில் நின்றது.

வற் 21,600.00
அதற்குக் கீழே
அட்டைக் கழிவு, ஒரு சின்னக் கோடு, 21,600.00

அந்தச் சின்னக் கோட்டை
கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.
எடுத்ததை எடுத்த கையோடு
திருப்பித் தருகிற ஒரு இடம்
இந்த ஊரிலும் இருக்கிறது.
சீட்டுப் பிடித்த மாமி தரவில்லை.
நாவற்குழிக் காணியை விற்றுத் தாறன் என்று போனவன்
உறுதியைக்கூடத் தரவில்லை.

'வரி போறது போகும். அதைக் கடை கட்டும்.
நீங்கள் இந்த அட்டையை மட்டும் உரசவேணும்,
வேறை அட்டை சரிவராது.'
நீல அட்டை. என் பெயரில் ஒரு எழுத்து பிழை.
திருத்தச் சொல்லவில்லை.
பிழையான பெயருக்கு ஒரு நல்லது நடக்கட்டும்.

ஆஸ்பத்திரி வீதிப் பல் வைத்தியரிடம்
துண்டு எழுதுகிறவள் நான்.
பல் நோகிற சனத்துக்குக்
கதைக்க ஏலாது,
கேட்க ஏலும்.
ஒரு கிழமைக்குள் ஊர் அறிந்தது.
ஜெயவதனிக்கு ஒரு மிக்ஸி.
வைத்தியருக்கே ஒரு ரீவி.
'கைக்காசு தாறன் பிள்ளை, நீ உரசு.'
உரசினேன்.
வற் அக்கா என்று பெயர் வைத்தார்கள்.
சுங்கம் தவிர்த்த சோழன்
ஸ்கூட்டியில் கொக்குவிலுக்குப் போகிற மாதிரி
ஒரு மாதம் வீடு போய் வந்தேன்.

பிறகு றொபின்சன் வந்தார்.
குருநகர். மேல்வாய்க்குப் பல் கட்ட வந்தவர்.
மீன் வைக்க ஒரு பெரிய குளிர்ப்பெட்டி,
ஒரு இலட்சத்து எண்பத்தைந்து.
வரி மட்டும் முப்பத்து மூவாயிரத்து முந்நூறு.
'வெள்ளிக்கிழமை காசு,' என்றார்
புதுப் பல்லோடு சிரித்து.

வெள்ளிக்கிழமை றோலர் வந்து
வலையை அறுத்துக்கொண்டு போய்விட்டதாம்.
அடுத்த வெள்ளி காத்து.
அதற்கடுத்த வெள்ளி அவருடைய போன்
சிங்களத்தில் மட்டும் கதைத்தது.

மாத அறிக்கை கடித உறையில் வந்தது.
வட்டி 4,310.50
தாமதக் கட்டணம் 1,500.00
கீழே தேடினேன்.
மடிப்பை நிமிர்த்திப் பார்த்தேன்.
இவைக்குச் சின்னக் கோடு இல்லை.

கட்டத்தான் போனேன், காப்பு அடைவு வைத்த காசோடு.
வரிசையில் எனக்கு முன்னால் ஒரு மனிசி,
சோறு சமைக்கிற மின்பானையை
பிள்ளையைப் போல இடுப்பில் அணைத்துக்கொண்டு.
'அட்டை இருக்கோ அம்மா?' டிலக்சன் கேட்டான்.
'சம்பளத் துண்டு கேக்கினம் தம்பி.
நான் வெங்காயம் கிண்டுறனான்,
ஆர் எனக்குத் துண்டு தருவினம்?'
'எனக்கும் தரேல்லை,' என்றான் அவன், மெதுவாக,
கழுத்தில் தொங்குகிற பெயர்ப் பட்டியைத் திருப்பிவிட்டு.

எட்டாயிரத்து ஐந்நூறு.
வற் ஆயிரத்து ஐந்நூற்று முப்பது.
மெஷின் அடுத்த வரி அடிக்காமல் நின்றது.
அவன் என்னைப் பார்த்தான்.
மனிசி பார்க்கவில்லை,
ரவிக்கைக்குள் இருந்து எடுத்த பேர்சில்
ஈரக் காசுத்தாள்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

நீல அட்டை என் கைக்குள் இருந்தது.
அதன் விளிம்பு உள்ளங்கையில் அழுந்தியது.
ஒரு உரசல். அவளிடம் கைக்காசு இருக்கிறது,
எண்ணி மேசையில் வைத்தும் விட்டாள்.
இதில் எனக்கு ஒரு சதமும் நட்டமில்லை.
விரலை நான் விரிக்கவில்லை.

'முப்பது குறையுது தம்பி.'

அதற்கு மட்டும் என் மற்றக் கை
அவசரப்பட்டுக் கைப்பைக்குள் போனது.
ஒரு இருபது ரூபாக் குற்றி, ஒரு பத்து.
அவள் திரும்பி
என் நாடியைத் தொட்டுக் கொஞ்சி,
'நல்லாயிருப்பாய் பிள்ளை,' என்றாள்.

டிலக்சன் ரசீதைக் கிழித்தான்.
இந்த முறை
எந்த வரியையும் காட்டவில்லை.