பிளஸ் பத்து

விளக்குக்கு முதலில் ஸ்ரான்லி வீதி.
மோதி நசுங்கின வானின்ரை ஹெட்லைற்,
ஆயிரத்து எண்ணூறு எண்டான்.
கீறலைக் காட்டி அறுநூறுக்கு இறக்கினன்.
சுவரில் மஞ்சளாய் ஒரு தோசை ஊத்திச்சுது,
அவ்வளவுதான்.

பிறகு குருநகர்.
யேசுரட்ணம் அண்ணை படகிலை கழட்டிப் போட்ட வெள்ளை லைற்.
"நண்டுக்குக் காணாது, உனக்குக் காணும்."
காணும் காணும்;
முதலிரவே பழைய ஃபோன் திரை
அப்பளம் மாதிரி ஊதிக் கறுத்தது.

இன்னொரு ஃபோன். கொம்பியூட்டர் விசிறி இரண்டு.
பள்ளிக்கூட ஏலத்திலை
வட்டம் வட்டமாய்க் கீறின தட்டை வில்லை,
அதோடை மூண்டு கால் கதிரை ஆறும்
ஏற்றவேணும் எண்டது பேச்சு.
ஏற்றினன்.

கடைசி வில்லை கொழும்பிலை ஏழாயிரமாம்.
கஸ்தூரியார் வீதிக் கண்ணாடிக் கடையிலை
வாமதேவி லாச்சியைத் துழாவி
ஒரு கடதாசி உறை எடுத்தா.
பிளஸ் பத்து.
ஆரோ ஐந்நூறு முற்பணம் கட்டி
இரண்டு வருசமாய் வரேல்லை.
"மிச்சத்தைத் தந்திட்டுக் கொண்டு போம்.
ஆள் வந்தால் திருப்பித் தரவேணும்."

நேற்றிரவு படம் விழுந்தது,
தலைகீழாய்:
'பற்றரி ஏழு வீதம்',
கதவளவு எழுத்து.
ஒரு பல்லி ஓடிவந்து
ஏழைக் கௌவப் பார்த்தது.
நடு வடிவு. ஓரமெல்லாம் மங்கல்,
ஆரோ ஒருத்தருக்கு
உலகம் அப்பிடித்தான் தெரிஞ்சிருக்கும்,
இல்லாட்டி இப்பவும் தெரியுது.

உறையிலை பெயர் அழிஞ்சு போச்சு.
'மா.' எண்டு இனிஷல் மட்டும் கிடக்கு.
வில்லையைப் பசை போட்டு ஒட்டேல்லை,
ரப்பர் வளையத்தாலைதான் இறுக்கியிருக்கிறன்.