எப்பங்க திரும்புவீங்க

மூலனூரில் முருங்கை எடுத்து
பின்சீட்டை மடக்கிக் கட்டுகளை அடுக்கி
வெள்ளகோயில் ரோட்டில் ஏறும்போது
சோத்தாங்கைப் பக்கம் திரும்பினேன். அவ்வளவுதான்.
அந்த ஒரு திரும்பலை
வண்டி விடவே இல்லை.

ஏசி செத்து ரெண்டு கோடை ஆச்சு.
நாலு கண்ணாடியும் இறக்கிவிட்டால்
காற்றுக்குள் அந்த டிக் டிக் எங்கே கேட்கும்?
கிளுவை வேலி, கொறங்காடு,
தலை தூக்காமல் மேயும் மாடு.
ஒன்றும் தெரியாமல் ஒன்பது கிலோமீட்டர்.

பின்னால் ஒரு டிரெய்லர்,
காற்றாலை இறக்கை ஒன்றைச் சுமந்துகொண்டு
ஒரு தெரு நீளத்துக்கு.
முந்தவில்லை. ஆரன் அடிக்கவில்லை.
எதிரே இட்டேரி பிரியும் இடத்திலெல்லாம்
மெல்லத் தயங்கித் தயங்கி வந்தது.

டீக்கடையில் நிறுத்தினேன். அவரும் நிறுத்தினார்.
அத்தனை சக்கரத்தின் மூச்சும் ஒன்றாய் இறங்கிற்று.
"ஏனுங்க்கா, எப்பங்க திரும்புவீங்க?
இட்டேரிக்கு இட்டேரி பிரேக் போட்டுக்
காலே ஓஞ்சுபோச்சுங்க."

ஒரு கட்டு முருங்கைக்காய் கொடுத்தேன்.
வேறென்ன கொடுப்பது?

வெள்ளகோயில் சாதிக் பாட்சா
ஸ்குரூ டிரைவரைத் தொடும் முன்
வக்கீல் மாதிரி கேட்டார்.
பீச்சாங்கைப் பக்கம் தானா அணையுதுங்களா? அணையுது.
மினுக்கறது ஒரே சீரா இருக்குதுங்களா? இருக்குது.
"அப்பப் பல்பு இல்லீங்க, பியூஸ் இல்லீங்க,
பிளாஷரும் இல்லீங்க.
சின்ன வளைவுல அணையாட்டி அது கோளாறே இல்லீங்க.
ஸ்டீரிங் நல்லாச் சுத்தோணும்,
சுத்தினது நேரா வரோணும்.
திரும்பறப்ப அது அணையாதுங்க.
திரும்பி நேராகறப்பத்தான்."

பேட்டரி ஒயரைக் கழற்றி
ஆரன் மூடியை நெம்பி
நட்டை முழுக்க எடுக்காமல் ரெண்டு புரி விட்டுவைத்து,
இல்லாட்டி மூஞ்சியில வந்து மோதுமுங்க என்று சொல்லி,
தண்டுக்கும் ஸ்டீரிங்குக்கும் சேர்த்து
ஒரே கோடாகச் சாக்பீஸ் இழுத்து
ஒரு உலுக்கு.

உள்ளே முறிந்து கிடந்தது
முருங்கை விதை அளவு பிளாஸ்டிக் மூக்கு.
"திருப்பிட்டு இருக்கறப்பவே
குச்சியப் புடிச்சு அழுத்தி ஒடிச்சிருக்காங்க.
ஒருத்தரு ரெண்டு பேரு இல்லீங்க."

பின்கண்ணாடியில், வெயில் சாய்ந்தால் மட்டும் தெரியும்
ஒரு 'எல்' எழுத்தின் பசைத்தடம்.
எனக்கு இதை விற்றது உடுமலை டிரைவிங் ஸ்கூல்.
வேர்த்த கைகள் எத்தனை நூறோ.
பாதி திருப்பி, எருமையைக் கண்டு நின்று,
குச்சியைப் பிடித்தே தொங்கி,
பிறகு லைசென்சு வாங்கி
ஓசூருக்கோ துபாய்க்கோ போய்விட்டார்கள்.

புதுசு ஆயிரத்து நானூறு.
உக்கடத்துப் பழசு நானூறு, வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வரும்.
"அது வர்ற வரைக்கும்
உங்க வெரல்தானுங்க அந்த மூக்கு."

நாலு நாள் மூக்காக இருந்தேன்.
முத்தூர் பிரிவில், காங்கேயம் ரவுண்டானாவில்,
திரும்பி, நேராகி, ஒரு தட்டு.
திரும்பி, நேராகி, ஒரு தட்டு.
ராத்திரி கமிஷன் கணக்கைக் கூட்டி முடித்தபோது
விரல் தானாகப் போய்
நோட்டின் ஓரத்தைத் தட்டியது.

வெள்ளிக்கிழமை மாட்டினார்.
சாக்பீஸ் கோடு கோட்டோடு பொருந்தியது.
கடை முன்னால் ஒரு வட்டம் அடித்தேன்.
டக்.
தானாக வந்து நடுவில் உட்கார்ந்தது குச்சி.
நாங்கள் இருவருமே சிரித்தோம்.

விரலுக்கு யார் சொல்வது?
வலம் திரும்பி நேராகும்போது
குச்சி முன்னமே வந்து சேர்ந்திருக்க,
இது போய் ஒரு தட்டு.
இப்போது இடது மினுக்குகிறது.

நேற்று சாயங்காலம் பின்னால் ஒரு மொபெட்,
ரெண்டு பால்கேன்.
இடப்பக்கம் நுழைய வந்தவர் சட்டென்று ஒதுங்கி,
காலூன்றி நின்று, கையை நீட்டி
மரியாதையாய் வழிவிட்டார்.
போங்க, போங்க.

அந்தப் பக்கம்
ஒரு கிணறு மட்டும்தான் இருந்தது.