பழைய வழி

பள்ளத்தூர், மூன்றாம் வகுப்பு.
கட்டம் வரைய வேண்டியதில்லை,
தரையே ஆத்தங்குடிக் கல்.

பேட்டரியில் கண் விழித்தது
மஞ்சள் வண்டு.
உமையாள் உதடசைத்து எண்ணி அழுத்தினாள்:
முன்னே மூணு, வலம், ஒண்ணு.
அங்கே புளியங்கொட்டை.

வண்டு நேரே போனது, இடம் திரும்பியது,
யாசினின் பையில் முட்டி
கொஞ்சம் யோசித்தது.
பிறகுதான்
மூணு, வலம், ஒண்ணு.
நின்ற இடம் தண்ணீர்க் குடத்தடி.

"பழசை அழிச்சியா?" என்றார் டீச்சர்.

அழிக்கவில்லை.
யாசின் போட்ட வழியை நடந்து முடித்துத்தான்
இவள் வழிக்கு வந்திருக்கிறது.

"அவன் சொன்னதையும் கேட்டுச்சு,
நான் சொன்னதையும் கேட்டுச்சு டீச்சர்."

அழிக்கும் பொத்தான்மேல் வைத்த விரலை
எடுத்துக்கொண்டாள்.
எழுந்து போய்
புளியங்கொட்டையைக்
குடத்தடிக்கு நகர்த்தினாள்.