மட்டம்

ட்ரோம்சோவில் ஜனவரி.
சூரியன் போய் நாற்பத்தாறு நாள்.
கல்லின் மேல் மட்டக்கோலைக் குத்தாக நிறுத்தி
விளக்குக்கு நேரே தூக்கிப் பார்க்கிறேன்.
எஃகுக்கும் கல்லுக்கும் நடுவே
ஒரு மயிரிழை வெளிச்சம்.
இந்த ஊரில் இன்றைக்கு
விடிந்தது அவ்வளவுதான்.

எட்டாயிரம் நம்பர் சாணைக்கல்.
வெண்ணெய்க்கட்டி நிறம். தட்டினால்
பீங்கான் போல ஒரு சத்தம்.
ஆளுக்குப் பாதி போட்டு வாங்கினோம்,
நானும் அஸ்லாக்கும்.
படகுப் பட்டறை ஒன்று, கல் ஒன்று,
உளிகள் மட்டும் தனித்தனி.

நான் மூலை விடாமல் தேய்ப்பவள்.
அவன் நடுவிலேயே உட்கார்ந்துகொள்வான்,
பேருந்தில் இரண்டு இருக்கையை அடைத்துக்கொள்கிறவன் மாதிரி.
குழி யாருடையது என்று
கேட்கவே வேண்டாம்.

கேட்கவும் முடியாது.
பேச்சு நின்று பதினொரு நாள்.
பெரியப்பா மகன் மத்திஸின் படகு,
அடிக்கட்டை மாற்றிய கூலி
பதினாலாயிரத்து இருநூறு குரோனர்.
'சொந்தக்காரன்தானே' என்று
என்னைக் கேட்காமல் தள்ளுபடி செய்துவிட்டான்.

கல்லை மட்டமாக்கும் முன்
பென்சிலால் கட்டம் போடுவது வழக்கம்.
மேடு முதலில் அழியும்,
பள்ளத்தில் கோடு கடைசிவரை நிற்கும்.
இன்று கட்டம் போடவில்லை.
கல்லின் நீளத்துக்கும்
பெரிதாக எழுதினேன்:
14200.

வைரத் தகட்டில் தண்ணீர் தெளித்து
கல்லைக் கவிழ்த்தேன்.
வைரம் என்றால் கல்.
மரத்துக்குள் இறுகினால் அதுவும் வைரம்.
மனிதருக்குள் இறுகினாலும்
சொல் அதேதான்.

எட்டுப் போட்டு எட்டுப் போட்டு
இருபது தேய்ப்பு.
திருப்பிப் பார்த்தால்
வெள்ளைப் பாலுக்கு அடியில்
இரண்டு ஓரமும் கரைந்து
420.

இன்னும் நாற்பது.
தோள்பட்டையில் சுளுக்கு,
விரல் நுனியில் தோல் வழுவழுவென்று.
திருப்பினேன்.

2.

குழியின் அடிமடியில்
கொக்கு மாதிரிக் கழுத்தை வளைத்துக்கொண்டு
அது மட்டும்.
கொஞ்ச நேரம் கையை எடுத்துவிட்டேன்,
ஏன் என்று தெரியவில்லை.
அப்புறம் அதையும் தேய்த்தேன்.

அங்கேதான் வினை.
கல் முழு மட்டம், தகடும் மட்டம்,
நடுவே ஒரு சவ்வுத் தண்ணீர்.
இரண்டும் கவ்விக்கொண்டன.
இழுத்தேன், வரவில்லை.
காலிடுக்கில் வைத்து இழுத்தேன்.
நெம்பலாம் என்று உளியை எடுத்தேன்,
கல் விளிம்பு தெறித்துவிடுமே என்று வைத்துவிட்டேன்.
ஒட்டிய இரண்டையும் நெஞ்சோடு அணைத்தபடி
பட்டறை நடுவில் நிற்கிறேன்,
யாரோ கொடுத்துவிட்டுப் போன பிள்ளை மாதிரி.

படகின் மறுபக்கம் சுத்தியல் நின்றது.
கையெல்லாம் தார், அஸ்லாக் வந்தான்.
"இழுக்காதே. நகர்த்து."
அவன் தகட்டைப் பிடித்தான், நான் கல்லை.
அவன் பக்கம் அவன், என் பக்கம் நான்
தள்ள
மெல்ல வழுக்கி
ஒரு முத்தச் சத்தத்தோடு பிரிந்தது.

"குழி பெரிசா?" என்றான்.
"உன் குழி. எப்பவும்போல."
"போன முறை எப்போ மட்டமாக்கினே, ரக்னா?"
கணக்குப் போட்டேன். பன்னிரண்டு நாள்.
"பதினொரு நாளா நான் கலப்பத்து அடிக்கிறேன்.
சணலும் தாரும்தான்.
உளியைத் தொடவே இல்லை."

வாளியில் கல்பால் அடியில் இறங்கி
மேலே தண்ணீர் தெளிந்துகொண்டிருந்தது.

மட்டக்கோலை மறுபடி நிறுத்தினேன்.
அவனும் குனிந்தான், தார் வாசனையோடு.
நீளவாக்கில், குறுக்கே, மூலைக்கு மூலை.
எங்கும் ஒளி இல்லை.
சுத்தமான இருட்டு.

"நல்லா வந்திருக்கு" என்றான்.
மத்திஸின் பணம் பற்றி
அவனும் பேசவில்லை.
தார் துடைத்துவிட்டுத் தன் உளியை எடுத்தான்,
நேரே
நடுவில் வைத்தான்.